பாதி ட்யூப்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் என் முகத்தில் குடியிருக்கும் ஒன்பது பேரும் நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? நாள் முழுக்க லேபில் பல் செட் செய்து குனிந்திருக்கிறாயே, கழுத்துவலி குறைந்ததா?

ஒன்பது பேர் யாரென்று கேட்பாய். பருக்கள். முப்பத்துமூன்று வயதில், தாடையோரமும் கன்னத்திலுமாக. ஒன்று அமுங்கினால் பக்கத்திலேயே இன்னொன்று எட்டிப் பார்க்கிறது. போன வருடம் மருந்துக்கடைக்காரர் ஒரு களிம்பு கொடுத்தார். போயிற்று, இரண்டே மாதத்தில் திரும்ப வந்தது. சோப்பை மாற்றினேன். தலையணை உறையை தினமும் துவைத்தேன். பாலை நிறுத்தினேன், பிறகு எதற்கு நிறுத்தினேன் என்று தெரியாமல் திரும்பக் குடித்தேன். எது செய்தால் போகிறது, எது செய்தால் வருகிறது என்று ஒன்றும் புரியவில்லை.

வேறு வேலையாக இருந்தால் கவலைப்பட மாட்டேன். கல்லூரியில் காது கேளாத பிள்ளைகள் பதினோரு பேர். பேராசிரியர் பேசப் பேச நான் சைகையில் சொல்லவேண்டும். ஐந்து மணிநேரம் பதினோரு ஜோடிக் கண்களும் என் முகத்தில்தான். சைகை மொழியில் கை பாதி, முகம் பாதி. புருவத்தைத் தூக்கினால் கேள்வி, உதட்டை இறுக்கினால் இல்லை.

இந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் சைகையில் ஒரு பெயர் வைப்பார்கள். கணக்குப் பேராசிரியருக்கு வயிற்றை வட்டமாகத் தடவுவது. எனக்கு வைத்ததை நேற்றுதான் பார்த்தேன். ஆள்காட்டி விரலால் கன்னத்தில் இரண்டு தட்டு. இன்று மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். சளி என்று சொல்லிவிட்டேன்.

தோல் டாக்டரிடம் போகச் சொல்வாய். போனேன். வெளியே உட்கார்ந்திருந்தது எல்லாம் பள்ளிக்கூடச் சீருடை. பக்கத்து அம்மாள், "யாருக்குப் பாக்கணும், பையனுக்கா பொண்ணுக்கா?" என்றாள். "பொண்ணுக்கு" என்றேன். எனக்கு ஏது பெண். "கூட்டிட்டு வரலையா?" என்றதும் எழுந்து வந்துவிட்டேன்.

இந்த முகத்தோடு உன்னிடம் வீடியோவில் பேச முடியாது. அதனால் கொஞ்ச நாள் பழையபடி கடிதம். நீ கேட்ட ஊதா நூல்கண்டில் பாதி இத்துடன். எது வந்தாலும் ஆளுக்குப் பாதி என்று அம்மா போட்ட சட்டத்தை மீறுவேனா? அழிரப்பரையே பிளேடால் வெட்டிப் பங்கு போட்டவர்கள் ஆயிற்றே நாம்.

அத்தானுக்கு என் வணக்கம்.
உன் வாலு


பிப்ரவரி 19

என் வாலுக்கு,

கழுத்து கழுத்தாக இருக்கிறது. அத்தானும் சௌக்கியம், குறட்டை மட்டும் கூடியிருக்கிறது. நூல் வந்தது.

உன் கடிதத்தை லேபில் வைத்துப் படித்தேன். இல்லாத பெண்ணுக்கு வைத்தியம் பார்க்கப் போனதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு திரும்ப முதலிலிருந்து படித்தேன்.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். எனக்கும் வந்திருக்கிறது. இடது கன்னத்தில் மூன்று. நாற்பத்தொரு வயதில், யாரிடம் போய்ச் சொல்ல? இங்கே பல்லுக்கு டாக்டர் இருக்கிறார், கண்ணுக்கு இருக்கிறார், தோலுக்குக் கிடையாது. அதனால் நீ போ. உனக்காக வெட்கமாக இருந்தால் எனக்காகப் போ. யாராவது யாருக்கு என்று கேட்டால் அக்காவுக்கு என்று தைரியமாகச் சொல். டாக்டர் கொடுப்பதை இருவருக்குமாக வாங்கி, என் பங்கை அனுப்பு. நீ போகாவிட்டால் என் முகத்துக்கும் வழியில்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்.

அந்தப் பெயரை எதற்கு வைத்தார்கள் என்று பிள்ளைகளிடமே கேட்டாயா? நீயாக ஒன்றை நினைத்துக்கொண்டு மூக்கை மூடிக்கொள்ளாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்கா,

நலம். உன் மூன்றும் நலமா? உனக்கும் வந்திருக்கிறது என்று படித்ததும் வருத்தப்படாமல் சந்தோஷப்பட்டேன். என்ன பிறவி நான் என்று தெரியவில்லை.

போய்விட்டேன். சீருடைகளுக்கு நடுவே முக்கால் மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவரிடம் கேட்காமலேயே, "அக்காவுக்கும் எனக்கும்" என்றேன். டாக்டர் என் வயதுதான் இருப்பார். விளக்கைப் பக்கத்தில் இழுத்து, தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முப்பதுக்கு மேல வர்றவங்க நிறைய பேர். நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அங்கேயே அழப் பார்த்தேன்.

மாத்திரை தினமும் ஒன்று, மூன்று மாதம். கிரீம் தினமும் இரவு பட்டாணி அளவு, முகம் முழுக்க, பரு இருக்கிற இடத்தில் மட்டும் அல்ல. முதல் சில வாரம் எரியும், உரியும், இன்னும் அதிகமாகக்கூடத் தெரியும், பயப்படக்கூடாது. முகம் சரியான பிறகும் கிரீமை விடக்கூடாது, விட்டால் திரும்ப வரும். மருந்துக்கடையில் ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியாகத்தான் கொடுக்கிறார்கள். உன் பங்கு மாத்திரையும், ட்யூபிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் எடுத்த கிரீமும் இத்துடன்.

இன்னொன்று. துறைத் தலைவி கூப்பிட்டார். பிள்ளைகள் புகார் சொல்லியிருக்கிறார்கள், மாஸ்க் போட்டால் பாடம் புரியவில்லையாம். "சளி எவ்வளவு நாள் இருக்கும்?" என்று கேட்டார். ஜூலை முதல் தேதி புது வகுப்பு ஆரம்பம். அன்றைக்கு மாஸ்க் இல்லாமல் நிற்கவேண்டும், இல்லையென்றால் பின்வரிசையில் உட்கார்ந்து பாடத்தைத் தட்டச்சு செய்யும் வேலைக்கு மாற்றிவிடுவாராம். அங்கே முகம் தேவையில்லை. பன்னிரண்டு வருடம் கற்றுக்கொண்டதை எல்லாம் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு விசைப்பலகை தட்டவேண்டியதுதான். ஜூலைக்குள் சரியாகிவிடும் இல்லையா, அக்கா?

வாலு


ஏப்ரல் 2

என் வாலுக்கு,

நாங்கள் சுகம். பார்சல் உடையாமல் வந்தது. டாக்டரிடம் போனாயே, அதுவே எனக்குப் பெரிது.

எனக்கும் நீ எழுதிய மாதிரியேதான் எரிந்தது. தாடையில் கொஞ்சம் உரிந்தது. இப்போது பரவாயில்லை. எனக்கு இது போதும், இனிமேல் அனுப்ப வேண்டாம். எனக்கு வந்தது சின்னது, உன்னுடையதுதான் பெரிது.

ஜூலைக்குள் கட்டாயம் சரியாகும். சொன்னபடி தினமும் போடுகிறாய் அல்லவா? உனக்குச் சோம்பல் ஜாஸ்தி.

இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. நேற்று ஒரு பெரியவரின் பல் அச்சு வந்தது. மேல் வரிசை ஒருவருடையது, கீழ் வரிசை வேறு ஒருவருடையது. யாரோ டப்பாவை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, எப்படிச் சேர்த்தாலும் சேரவில்லையே என்று ஒரு மணிநேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்கா,

உடம்பு நலம், மனசு இல்லை.

போன மாதக் கடைசியில் முகம் நன்றாகத் தெளிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாஸ்க்கைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு கல்லூரி வாசல் வரை போனேன். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் தாடையில் நான்கு. அடுத்த நாள் ஏழு. இரவு தூங்கியது ஒரு முகம், காலையில் எழுந்தது வேறு முகம்.

டாக்டருக்கும் புரியவில்லை. "இதுக்குக் கேட்டிருக்கணுமே" என்று என் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கம் எப்படி, மாதவிலக்கு எப்படி, தலைக்கு என்ன எண்ணெய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகத்தான் பதில் சொன்னேன். அதே மருந்தை இன்னும் இரண்டு மாதம் தொடரச் சொல்லியிருக்கிறார்.

முதலில் இடது கன்னம் என்று எழுதினாய், இப்போது தாடை என்கிறாய். நகர்ந்துவிட்டதா? டாக்டரிடம் கேட்டேன், அப்படியும் வரலாம் என்றார்.

வேண்டாம் என்று எழுதாதே. பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும் என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். என்னைப் போல நீயும் அவதிப்பட வேண்டாம். உன் பங்கு இத்துடன்.

வாலு


மே 13

என் வாலுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை.

நல்ல செய்தி. எனக்குச் சுத்தமாகப் போய்விட்டது. ஒன்றுகூட இல்லை, வடுகூட இல்லை. அத்தானே ஒப்புக்கொண்டார். அதனால் இனி எனக்கு எதுவும் அனுப்பாதே. கண்டிப்பாகச் சொல்கிறேன். எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள்.

எனக்குப் போனது போல உனக்கும் போகும். பொறு.

அக்கா


மே 22

அக்கா,

சுகம்தானே.

ஒரே ட்யூபிலிருந்து எடுத்தது. ஒரே அட்டையில் வெட்டிய மாத்திரை. உனக்கு வடுகூட இல்லை, எனக்கு இன்று காலை பதினான்கு. ஒரே அம்மா வயிற்றில் பிறந்தவர்கள்தானே நாம்? என்னிடம் என்ன கோளாறு?

உனக்குச் சரியானதில் எனக்குப் பொறாமை இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. பொறாமைதான். உன் கடிதத்தைப் படித்துவிட்டு கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டேன். நம் இரண்டு பேருக்கும் இருந்தவரை எனக்குத் தாங்க முடிந்தது. இப்போது நான் மட்டும்.

தட்டச்சு வேலைக்கு நானே சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். துறைத் தலைவியாக மாற்றுவதைவிட அது மேல்.

வாலு


மே 29

என் வாலுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். எனக்குத் திரும்ப வந்துவிட்டது. ஐந்து. நெற்றியில்.

நீ மட்டும் இல்லை. கேட்டாயா? எழுதிக் கொடுத்துவிடாதே. ஜூலை வரை பார்.

அக்கா


ஜூன் 23

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய்? இந்த முறை வழக்கத்துக்குக் கேட்கவில்லை. நிஜமாகக் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை போனில் உன்னைக் கலவரப்படுத்தியதற்கு மன்னித்துவிடு. நான் பேசியது உனக்குப் பாதிகூடப் புரிந்திருக்காது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

உனக்கும் திரும்ப வந்துவிட்டது என்று எழுதியதும் டாக்டரிடம் ஓடினேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வேறு மாத்திரைக்கு மாற்றினார். பலமான மாத்திரை. அவர் என்னென்னவோ சொன்னார், எனக்கு ஜூலை முதல் தேதி மட்டும்தான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அன்று மாலையே வழக்கம்போல பாதியை வெட்டி உனக்கு அனுப்பிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை திரும்பப் போனபோது, "தினமும் எடுக்கிறீங்கல்ல?" என்றார். ஒன்று விட்டு ஒரு நாள் என்றேன். "ஏன்?" என்றார். "பாதி அக்காவுக்கு" என்றேன். சொல்லும்போதுகூட அதில் என்ன தப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "முதல்ல குடுத்த மாத்திரை?" "அதுவும் பாதி." "கிரீம்?" "அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும்." பிறகு, "நாலு மாசமா உங்க முகத்துக்கு நான் குடுத்த மருந்து போகவே இல்லை. கேக்காதது மருந்துன்னு நினைச்சு நான் இதுக்கு மாத்திட்டேன்" என்றார். நமக்குப் பாதிதானே முழுசு, அக்கா. டாக்டரிடம் சொல்லவேண்டிய விஷயமாகவே அது எனக்குத் தோன்றவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாங்கமாட்டாய்.

அது போகட்டும். என் முகம் எப்படியோ போகட்டும். அடுத்து அவர் கேட்டது, "உங்க அக்காவுக்கு ரத்தம் பாத்தீங்களா? கல்லீரல் கெட்டுப்போனவங்க இதைத் தொடக்கூடாது." நான்கு வருடம் முன்னால் உனக்கு மஞ்சள்காமாலை வந்து இருபத்திரண்டு நாள் படுத்திருந்தாயே. நான்தானே பக்கத்தில் இருந்தேன். எனக்கு எப்படி மறந்தது?

வாசலுக்கு வந்து உனக்கு போன் அடித்தேன். அத்தான்தான் எடுத்தார். "அவ நல்லாத்தானே இருக்கா, என்ன ஆச்சு?" என்றார். பிறகு நீ வந்தாய். நான் கத்தியதை எல்லாம் கேட்டுவிட்டு, "நிறுத்திட்டேன், போனை வை" என்றாய். அவ்வளவுதான். எத்தனை மாத்திரை சாப்பிட்டாய் என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. நீ அழுதாயா, கோபமா, வாந்தி வருகிறதா, ஒன்றும் புரியவில்லை. அதற்குப் பிறகு ஐந்து முறை அடித்தும் நீ எடுக்கவில்லை. அத்தானைக் கேட்டால், "அவளே எழுதுவா" என்கிறார்.

உடனே ரத்தம் கொடுத்துப் பார். கண் மஞ்சளாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார். உனக்கு ஏதாவது என்றால் இந்த முகத்தை நான் என்ன செய்வது?

வாலு


ஜூலை 15

என் வாலுக்கு,

நான் நலம். என் கல்லீரலும் நலம். அதில் பொய் இல்லை. இதற்கு முன்னால் எழுதிய மற்றதெல்லாம் பொய்.

எனக்குப் பரு வந்ததே இல்லை. ஒன்றுகூட. இடது கன்னத்தில் மூன்று இல்லை, தாடையில் உரியவில்லை, நெற்றியில் ஐந்து இல்லை. உன் மாத்திரையில் ஒன்றைக்கூட நான் வாயில் போடவில்லை.

நீ அந்த அம்மாளிடம் பெண்ணுக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து வந்ததைப் படித்ததும், இவள் தனக்காகப் போகவே மாட்டாள் என்று தெரிந்துவிட்டது. சின்ன வயதில் இருமல் மருந்தை நான் குடித்தால்தான் நீ குடிப்பாய். நான் வாயில் வைத்திருந்து குழாயடியில் போய்த் துப்பிவிட்டு வருவேன். நீ நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு உன்னுடையதை மடக்கென்று குடிப்பாய். அதே வித்தையைத்தான் செய்தேன். நீ வளர்ந்துவிட்டாய் என்பது எனக்கு உறைக்கவில்லை.

பார்சல் வந்தபோது நீ இரண்டு பங்கு வாங்குகிறாய் என்று நினைத்தேன். உன்னுடையதில் வெட்டித்தான் தருகிறாய் என்று நினைக்கவே இல்லை. நம் இருவரையும் தெரிந்த யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் நினைத்திருப்பார்கள். வீண் செலவு வேண்டாமே என்று, போதும் என்று எழுதினேன். நீ கேட்கவில்லை. போய்விட்டது என்று எழுதினால் நிறுத்துவாய் என்று அப்படி எழுதினேன். அதற்கு நீ எழுதிய பதிலை அத்தானிடம் காட்டினேன். "உண்மையச் சொல்லிடு" என்றார் அத்தான். நான் சொல்லவில்லை. லேபில் உட்கார்ந்து எத்தனை போடலாம் என்று யோசித்தேன். மூன்று குறைவு, எட்டு அதிகம். ஐந்து என்று எழுதினேன்.

போனில் நீ கத்தியபோதுதான் எல்லாம் புரிந்தது. என்னைக் காப்பாற்றுவதற்காக நீ கத்துகிறாய், உன்னைக் கெடுத்தது நான். சொல்லாமல் போனை வைக்கச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு உன் பெயர் போனில் வந்தாலே போனைக் கவிழ்த்து வைத்தேன். மூன்று வாரம் எழுதிக் கிழித்தேன். அதற்குள் ஜூலை முதல் தேதி போய்விட்டது. அன்று நீ எந்த நாற்காலியில் உட்கார்ந்தாய் என்று கேட்கக்கூட எனக்கு உரிமை இல்லை.

நீ அனுப்பியது எல்லாம் இந்தப் பெட்டியில் இருக்கிறது. பல் அச்சு வைக்கும் அலமாரியில் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். ஒன்றும் பிரிக்கவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 30

அக்கா,

நலம். ஆறு வாரம் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. என் மௌனம் எப்படி இருக்கிறது என்று நீயும் பார்க்கவேண்டாமா?

உன் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு கல்லூரி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று படித்ததும் உடம்பே லேசானது. அடுத்த பத்தியில் உன்னை அறையவேண்டும் போல இருந்தது. இருமல் மருந்து வந்த இடத்தில் சிரிப்பு வந்தது, அதற்காக இன்னும் கோபம் வந்தது. இத்தனைக்கும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தவள் நான். இன்றைக்கும் எனக்குத் தெளியவில்லை. என் முகம் ஆறாமல் போனதற்குக் காரணமும் நீ, அந்த டாக்டர் வாசலை நான் மிதித்ததற்குக் காரணமும் நீ. இந்த இரண்டையும் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஒன்றாக ஒட்டவில்லை, உன் பெரியவரின் பல் மாதிரி. ரகசியம் உன்னிடம் மட்டும் இல்லையே. பாதி வெட்டியதை நானும்தான் உன்னிடம் மறைத்தேன்.

ஜூலை முதல் தேதி பின்வரிசை நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். எனக்குப் பதிலாக ஒரு புதுப் பெண் வந்தாள். நல்ல முகம், கண்ணாடி போல. அவள் கைகள் பாடத்துக்கு இரண்டு வரி பின்னால் ஓடின. பிள்ளைகள் திரும்பித் திரும்பி என்னையே பார்த்தார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டு தட்டினேன். இருபது நாள் அப்படிப் போயிற்று.

உன் பெட்டி வந்த மறுநாள் கணக்கு வகுப்பு. அந்தப் பெண் நடுவில் தடுமாறி நின்றுவிட்டாள். முன்வரிசையில் கண்ணாடிக்காரி ஒருத்தி இருக்கிறாள், வகுப்பின் வாய் அவள்தான். எழுந்து என்னைப் பார்த்து கன்னத்தில் இரண்டு தட்டு தட்டினாள். எல்லோரும் தட்டினார்கள். பதினோரு பேரும், புது வகுப்பில் சேர்ந்த நான்கு பேரும்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு முன்னால் போய் நின்றேன். முகத்தில் பதினொன்று இருந்தது, பழைய பிள்ளைகள் தலைக்கு ஒன்று. பாடத்தை விட்டுவிட்டு, உன் பேச்சைக் கேட்டு முதலில் அதைத்தான் கேட்டேன். சைகையில் நடந்ததை வாய்ப்பேச்சில் எழுதுகிறேன்.

"இந்தப் பேரு என் பருவுக்கு வெச்சதா?"

"ஆமா. மொத நாள் அதுதான் கண்ணுல பட்டுது" என்றாள் கண்ணாடிக்காரி.

"பரு போச்சுன்னா?"

"பேரு போகாது. கணக்கு சார் பாதியா இளைச்சுட்டாரு, வயித்தை மாத்தினோமா?"

பிறகு பின்னால் இருந்த ஒருவன் கை தூக்கினான். "பருவால ஒண்ணுமில்ல. மாஸ்க்தான் கஷ்டம். நீங்க கேள்வி கேக்கறீங்களா, பதில் சொல்றீங்களான்னே அஞ்சு மாசமாத் தெரியல. எல்லாருக்கும் ஒரே குழப்பம்."

அக்கா, என் குழப்பம் என் முகத்தோடு முடிந்தது என்று இருந்தேன். பதினோரு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

துறைத் தலைவி சம்மதித்துவிட்டார், ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து வகுப்பின் முன்னால் நிற்கும் வேலை திரும்ப என்னுடையது. புதுப் பெண் என் பக்கத்தில் நின்று பழகுகிறாள். பெட்டியில் இருந்ததை எல்லாம் மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்து அழிக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். பலமான மாத்திரையை நிறுத்திவிட்டு, முதல் மருந்தையே முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். இந்த முறை தினமும், முழு ட்யூப். திரும்ப வராது என்று வாக்குக் கொடுப்பீர்களா என்றேன். "வரும். வந்தா பாத்துக்கலாம். அக்காவுக்கு மட்டும் குடுக்காதீங்க" என்றார்.

பிள்ளைகளுக்கு உன்னைப் பற்றிச் சொன்னேன். உனக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். இடது உள்ளங்கையை விரித்து, வலது கையின் ஓரத்தால் நடுவில் ஒரு வெட்டு.

கோபம் இன்னும் மிச்சம் இருக்கிறது. அதில் உனக்குப் பங்கில்லை, முழுவதும் எனக்குத்தான்.

வாலு


செப்டம்பர் 11

என் வாலுக்கு,

அத்தானும் நானும் சுகம். நீ எழுதியதை ஏழு முறை படித்தேன். உள்ளங்கையை விரித்து வெட்டி வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், லேபில் எல்லோரும் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள்.

இன்று காலை மூக்குக்குக் கீழே ஒன்று வந்திருக்கிறது. நிஜமாக. சிவப்பாக, தொட்டால் வலிக்கிறது. எதுவும் அனுப்பாதே. சும்மா சொல்லத்தான் எழுதினேன். நம்பு.

அக்கா


செப்டம்பர் 18

அக்கா,

நம்ப மாட்டேன். கடிதத்தில் நீ எத்தனை பரு வேண்டுமானாலும் முளைக்க வைப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் கூப்பிடுகிறேன். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் உட்கார். விளக்கைப் பக்கத்தில் இழுக்கச் சொல்லி, டாக்டர் மாதிரி தாடையைத் திருப்பச் சொல்லிப் பார்ப்பேன். நாக்கையும் நீட்டவேண்டும்.

என் முகத்தை நீ பார்த்து எட்டு மாதம் ஆகிறது. தாடையோரம் ஆறு தழும்பு, கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு, நேற்று வந்தது ஒன்று. முழுவதையும் காட்டுகிறேன். நேரத்துக்கு எடு.

உன் வாலு